செல்லப்பிராணி வளர்ப்போர் கல்விக்குப் பொதுப்பணம்: கேள்வி பதில்

கேள்வி: நாயும் பூனையும் வளர்ப்பது அவரவர் விருப்பம். வளர்ப்போருக்குக் கற்பிக்க, வளர்க்காதவர்களின் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும்?

பதில்: விருப்பம் தனிப்பட்டதுதான், விளைவு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடுகிறது. மனிதர்களைத் தாக்கும் ரேபிஸ் நோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்களிடமிருந்தே பரவுகிறது. அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த அளவை எட்டினால் வளர்க்காதவரும் பாதுகாக்கப்படுகிறார். கடிபட்டவருக்கான தொடர் ஊசிகளையும், காயம் கடுமையானால் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் மருந்தையும் பெரும்பாலும் பொது மருத்துவமனைகளே தருகின்றன. நாய்க்குப் போடும் ஊசி அவற்றைவிடப் பன்மடங்கு மலிவானது.

கேள்வி: எங்கள் உள்ளாட்சி மன்றம் விழிப்புணர்வுக்கு ஒதுக்கிய தொகை முழுவதும் துண்டறிக்கை அச்சடிப்பதிலேயே தீர்ந்துவிட்டது. இதனால் பயன் உண்டா?

பதில்: சொற்பமே. தடுப்பூசி போட வேண்டும் என்று தெரிந்திருந்தும் மருத்துவமனை தொலைவாக இருப்பதால், அல்லது முரட்டு நாயைப் பிடித்துக்கொண்டு போக ஆளில்லாததால், போடாமல் விடுபவர்களே அதிகம். அவர்களுக்கு அறிவுரை தேவையில்லை, வசதிதான் தேவை. ஆகவே கல்விக்கான பணத்தைத் தடுப்பூசி முகாமோடும் கருத்தடை அறுவை சிகிச்சையோடும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முகாமில் அட்டை எழுதும் மேசையருகே உரிமையாளர் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில், அடுத்த ஊசிக்குரிய தேதியை அவர் கண்ணெதிரே எழுதிக் காட்டி, குடற்புழு மருந்து பற்றியும் கருத்தடை பற்றியும் பேசும் பணியாளர் ஒருவருக்குத் தரும் ஊதியம், ஆயிரக்கணக்கில் அடிக்கும் தாள்களைவிடப் பயன் தரும். (அந்தத் தாள்களில் பாதி எங்கே போகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும்.)

கேள்வி: பள்ளியில் கற்பிக்க நிதி கேட்கலாமா? நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை.

பதில்: கட்டாயம் கேளுங்கள். ரேபிஸ் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகியவற்றை நெருங்கக் கூடாது என்பதைக் கற்பியுங்கள். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இதை வாயால் சொல்லாமல் கடிகாரத்தை வைத்துச் செய்து காட்டினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது பிள்ளைகளுக்குப் புரியும். திட்டு விழும் என்று அஞ்சிக் கடியை மறைக்கும் குழந்தைகள் உண்டு. ஆகையால் பெற்றோருக்கும் ஓர் அமர்வு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிய தன்னார்வக் குழு நாங்கள். மானிய விண்ணப்பத்தில் எதை வலியுறுத்துவது?

பதில்: கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சாதனையாகக் காட்டாதீர்கள். தொடங்குமுன் சில தெருக்களில் வீடு வீடாகக் கேட்டு, தடுப்பூசி போட்டவை எத்தனை, கருத்தடை செய்தவை எத்தனை, அவிழ்த்துவிடப்படுபவை எத்தனை என்று கணக்கெடுங்கள். ஓராண்டு கழித்து அதே தெருக்களில் அதே கேள்விகளைக் கேட்போம் என்று எழுதுங்கள். இந்த இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் ஆகும் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் தனி இனமாகக் காட்டத் தயங்க வேண்டாம். ஆண்டுதோறும் குட்டிகள் பிறக்கின்றன, புதியவர்கள் வளர்க்கத் தொடங்குகிறார்கள். எனவே ஒரே ஆண்டுக்கான தொகையைவிடச் சிறியதானாலும் தொடர்ந்து வரும் தொகையைக் கேட்பதே நல்லது.

கேள்வி: செல்லப்பிராணி வளர்ப்பதற்கான உரிமக் கட்டணத்தை உயர்த்தி அதிலிருந்தே செலவிடலாமே?

பதில்: அந்த வருவாயைத் தனிக் கணக்கில் வைத்து இதற்கே பயன்படுத்துவது முறையானது. ஆனால் கட்டணம் கூடினால் பலர் பதிவு செய்யாமல் ஒளிப்பார்கள். ஒளிக்கப்பட்ட நாய் தடுப்பூசிக் கணக்கிலும் வராது. கருத்தடை செய்த விலங்குக்குக் குறைந்த கட்டணமும் செய்யாததற்குக் கூடுதல் கட்டணமும் விதிப்பதே ஏற்ற வழி.

கேள்வி: விலங்கு உணவு நிறுவனம் ஒன்று செலவை ஏற்க முன்வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரும் உள்ளாட்சியும் மட்டுமே முடிவு செய்வார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாங்குங்கள்.