பாக்கெட்டில் நானே ‘ஹலால்’ என்று அச்சிடலாமா?

கேள்வி: சிறிய அளவில் பிஸ்கட் தயாரிக்கிறேன். இறைச்சி எதுவும் சேர்ப்பதில்லை. சான்றிதழ் வாங்காமல் ‘ஹலால்’ என்று அச்சிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பினால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: எந்த நாட்டில் விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. மலேசியா என்றால் முடியாது. அங்கே 2011-இல் வந்த ஆணையின்படி ஜாகிம் (அந்நாட்டு அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை), மாநில இஸ்லாமிய சமய மன்றங்கள் அல்லது ஜாகிம் ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு அமைப்பின் சான்று இல்லாமல் உணவை ஹலால் என்று சொல்லி விற்பது குற்றம். இந்தோனேசியா 2014-இல் சட்டம் இயற்றிச் சான்றிதழையே கட்டாயமாக்கி, படிப்படியாக அமல்படுத்தி வருகிறது. ஹலால் அல்லாத பொருளை விற்கத் தடையில்லை, ஆனால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும்.

அரசு மதத்திலிருந்து விலகி நிற்கும் நாடுகளில்தான் சட்டம் திணறுகிறது. இறைச்சிக்கான விலங்கை இயந்திரத்தால் அறுக்கலாமா, மின்னதிர்ச்சி கொடுத்து மயக்கிய பின் அறுக்கலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு தரப்பை நீதிமன்றம் சரியென்றால், அரசே மதத் தீர்ப்பு சொன்னதாகிவிடும். யூதர்களின் கோஷர் உணவில் இது நடந்தது. வைதீக யூத விதிகளை அளவுகோலாக வைத்திருந்த நியூயார்க் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2002-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்புறம் அந்த மாநிலம், சான்றளித்தவர் யார் என்பதை விற்பவர் வெளிப்படையாகத் தெரிவிக்கும்படி சட்டத்தை மாற்றியது. என் பார்வையில் அதுதான் சரியான வழி. எது ஹலால் என்று அரசு தீர்மானிக்க வேண்டாம். ஆனால் பொய் சொல்லி விற்பவரை விடவும் கூடாது. நம்பி வாங்கிச் சாப்பிடுபவர் ஏமாறக் கூடாது.

இறைச்சி இல்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பிஸ்கட்டில் சேரும் இ471 என்ற பால்மமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க உதவும் பொருள்) தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். இ471 என்ற குறியீட்டை மட்டும் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. வாசனைச் சாறுகளில் ஆல்கஹால் கரைப்பானாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு மூலப்பொருளுக்கும், அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன், எந்த அமைப்பின் சான்று அவர் நாட்டில் செல்லுபடியாகும் என்று இறக்குமதியாளரிடம் கேளுங்கள். ஒரு நாடு ஏற்கும் அமைப்பை இன்னொரு நாடு ஏற்காமல் போவது சகஜம். பட்டியல்களும் அவ்வப்போது மாறும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.