பசிபிக் பெருங்கடலில் இருக்கும் தீவு நாடான துவாலு மூழ்கப்போகிறது என்றால் மக்கள் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்?

மூழ்கும் என்றதும் ஒருநாள் கடல் வந்து தீவை அப்படியே விழுங்கிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒன்பது தீவுகள், சுமார் 11,000 பேர், பெரும்பகுதி நிலம் கடலுக்கு மேல் மூன்று மீட்டர்கூட இல்லை. ஆனால் அலை கரையைத் தாண்டுவதற்கு முன்பே உப்புநீர் அடியிலிருந்து வந்துவிடும், ஏனென்றால் தரை முழுக்க நீர் எளிதில் ஊடுருவும் பவளப்பாறைச் சிதைவுதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் மட்டம் மிக உயரும் பெரிய ஓதத்தின்போது தலைநகர் ஃபூனாஃபூட்டியில் தாழ்வான இடங்களில் தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து ஊறி வந்து தேங்கும்.

முதலில் அடிபடுவது சாப்பாடு. புலாக்கா என்று நம்ம சேம்பு மாதிரி ஒரு கிழங்கு. நன்னீர் தட்டுப்படும்வரை குழி தோண்டி, இலைதழையை மக்க வைத்துப் போட்டு, வருடக்கணக்கில் வளர்ப்பார்கள். குழியில் உப்பு ஏறினால் இலை மஞ்சளாகும், கிழங்கு அழுகும், அத்தனை உழைப்பும் போச்சு. அப்புறம் கப்பலில் வரும் அரிசிதான். குடிக்க மழைநீர்த் தொட்டி. 2011-ல் மழை பொய்த்தபோது நெருக்கடி நிலையே அறிவித்தார்கள்.

சரி, ஏன் போகவில்லை? போகிறார்கள். ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது, ஆண்டுக்கு 280 பேர் குடியேறலாம், 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கே, குடும்பத்தினரையும் சேர்த்தால், நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பதிந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் ஃபூனாஃபூட்டியில் கடலில் மண் கொட்டி ஏழு ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது, எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அங்கே பல வீடுகளின் வாசலிலேயே தாத்தா பாட்டியின் கல்லறை இருக்கிறது.