பாலியல் காட்சிகள் கொண்ட கேம்களை இணையக் கடைகள் விற்கலாமா?

உடலுறவை மறைக்காமல் காட்டுவதையே நோக்கமாகக் கொண்ட, வயது வந்தவர்களுக்கான கேம்களைத்தான் இப்படிச் சொல்கிறோம். ஒரு முத்தக் காட்சி வந்தாலே அது இந்த வகை ஆகிவிடாது.

என் கருத்து: விற்கலாம், ஆனால் தனித் தட்டில். திருகோணமலை மத்திய வீதியில் ஒரு பலசரக்குக் கடையை நினைத்துப் பாருங்கள். மிட்டாய்ப் போத்தல் முன்னால் இருக்கும். சிகரெட் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை விற்கக் கூடாது என்பது 2006 முதல் இலங்கைச் சட்டம். வாங்க வருபவரின் முகத்தைப் பார்த்து முதலாளி மறுக்கலாம். இணையக் கடைக்கு அந்தக் கண் இல்லை. பெரும்பாலும் பிறந்த திகதியைத்தான் கேட்கும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பொய் சொல்லி உள்ளே போகலாம். என்னை உறுத்துவது இந்த ஓட்டைதான்.

கணினி கேம்களை விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீம் 2018இல் இந்தக் கேம்களுக்கு இடம் கொடுத்தது. 2025 யூலையில் அட்டைகளில் பணம் செலுத்த வழிசெய்யும் நிறுவனங்களின் அழுத்தத்தால் பலவற்றை நீக்கியது. எதை விற்கலாம் என்பதை அட்டை நிறுவனங்கள் முடிவு செய்வது சரியல்ல. அது சட்டத்தின் வேலை. சிறுவரைப் பாலியல் நோக்கில் காட்டுபவைக்கு மட்டும் எந்தத் தட்டிலும் இடமில்லை.

ஸ்டீமை நிறுவினாலே இவை பிள்ளையின் திரையில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அந்த வகை முதலில் மறைந்தே இருக்கும், கணக்கின் அமைப்புகளுக்குள் போய் ஒருவர் திறந்தால்தான் தெரியும்.