சிட்டிக்கு ஒரு வக்கீல் வேண்டாமா?

அறிவியல் புனைகதைகளில் வரும் ரோபோக்களுக்குச் சட்ட உரிமை தரலாமா? வாசகர்களின் கேள்விகளுக்கு, புனைகதை வாசிப்பில் ஊறிய ஒரு சிவில் வழக்கறிஞரின் பதில்கள்.

கேள்வி: சார், 'எந்திரன்' படத்தில் ரோபோ சிட்டியைக் கழற்றச் சொல்லி கோர்ட் உத்தரவு போடுகிறதே, அது சரியா?

சரியில்லை என்பதுதான் என் கருத்து. அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். சிட்டியை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரனுக்குத் தூக்கு என்று ஆகிவிட்டது. அப்போது சிட்டி பேசுகிறது. வில்லன் விஞ்ஞானி போரா, அழிவு வேலை செய்யவைக்கும் சிவப்புச் சிப்பைத் தனக்குள் பொருத்தும் பதிவைக் காட்டுகிறது. அதை நம்பி வசீகரனை விடுவிக்கும் கோர்ட், அதே கையோடு சிட்டியைப் பிரித்துப்போடச் சொல்கிறது. சாட்சி சொல்லும்போது ஆள், தண்டனை என்று வரும்போது பொருள். இது எந்த ஊர் நியாயம்?

ஆள் என்று வைத்துக்கொண்டால் வாதாட நல்ல இடம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 85-ஆவது பிரிவை எடுங்கள் (இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 23). ஒருவருக்குத் தெரியாமலோ, விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருளைக் கொடுத்து, அதனால் அவர் நல்லது கெட்டது அறியும் திறனை இழந்த நிலையில் செய்த செயல் குற்றமாகாது. குப்பைமேட்டில் உடைந்து கிடந்த சிட்டியிடம் சம்மதம் கேட்டுவிட்டா போரா அந்தச் சிப்பைப் பொருத்தினார்? 'தெரிந்தேதான் செய்தது' என்று அரசுத் தரப்பு மறுக்கும். மறுக்கட்டும். பதில் சொல்ல சிட்டிக்கென்று ஒரு வக்கீல்கூட இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: உயிரில்லாத ஒன்றுக்கு வக்கீலா? எந்த நீதிமன்றம் ஒத்துக்கொள்ளும்?

ஒத்துக்கொண்டு நூறு வருஷம் ஆகிறது. கல்கத்தா முல்லிக் குடும்பத்து வழக்கு 1925-ல் பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போனது. பூஜை முறை வரும்போது குலதெய்வ விக்கிரகத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று பங்காளிகளுக்குள் தகராறு. விக்கிரகம் தட்டுமுட்டுச் சாமான் இல்லை, சட்டத்தின் கண்ணில் அது ஒரு நபர். எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பத்தையும் மதிக்க வேண்டும். தகராறில் சம்பந்தப்படாத ஒருவர் அதன் சார்பில் நின்று பேச வேண்டும் என்று தீர்ப்பானது.

நம் பத்தூர் நடராஜர் கதை இன்னும் நெருக்கமானது. திருட்டுத்தனமாக லண்டன் வரை போய்விட்ட அந்தச் சிலைக்காக, இடிந்து கிடந்த கோயிலே வழக்காடலாம் என்று 1991-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அதே வருஷம் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். ஆகவே மூச்சு விடுகிறதா, ரத்தம் ஓடுகிறதா என்பது சட்டத்துக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

கேள்வி: அப்படியானால் கம்பெனி மாதிரி ரோபோவையும் சட்ட நபர் ஆக்கிவிட்டால் போதுமே?

போதாது. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 'மின்னணு நபர்' என்ற யோசனையைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. இயந்திரம் விளைவிக்கும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் அங்கே கவலை. தயாரித்தவர்கள் கையைக் கழுவிக்கொள்ள அது வழிவிடும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. கம்பெனியை இழுத்து மூடினால் அதற்கு வலிக்காது. கதைகளில் வரும் ரோபோ சொத்தா கேட்கிறது? 'என்னை அழிக்காதே' என்கிறது. கேள்வியே வேறு.

கேள்வி: உள்ளே உணர்வு இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? நான் சட்டக் கல்லூரி மாணவி, இதில்தான் எனக்குச் சிக்கல்.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1989-ல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' பகுதியை அவசியம் பாருங்கள் அம்மா. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். வசனத்தில் அது தெரியும்.

டேட்டா என்ற ஆண்ட்ராய்டு அதிகாரியைப் பிரித்து ஆராய்ந்து, அதேபோல நிறைய செய்ய நினைக்கிறார் மேடாக்ஸ் என்ற விஞ்ஞானி. டேட்டா மறுத்து ராஜினாமா செய்கிறது. நீ விண்வெளிப் படையின் சொத்து, ராஜினாமா செல்லாது என்கிறார்கள். விசாரணையில் டேட்டாவை எதிர்த்து வாதாடும் வேலை அதன் நண்பன் ரைக்கர் தலையில் விழுகிறது. விசாரணை நடக்கும்போதே டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறான், பிறகு சுவிட்சை அணைக்கிறான். டேட்டா அப்படியே மேசைமேல் சரிகிறது. பார்க்கும் நமக்கு அடிவயிறு கலங்கும்.

டேட்டாவுக்காக வாதாடும் கேப்டன் பிக்கார்டு மேடாக்ஸையே மடக்குகிறார். உணர்வுள்ள உயிர் என்று சொல்ல அறிவு, தன்னுணர்வு, பிரக்ஞை என்ற மூன்றும் வேண்டும் என்கிறார் மேடாக்ஸ். முதல் இரண்டும் டேட்டாவிடம் இருப்பதாகத் தெரிகிறது; மூன்றாவது பிக்கார்டுக்கு உண்டு என்றுகூட நிரூபித்துக் காட்ட முடியாது. நீதிபதி ஆன்மா விவகாரத்துக்குள் போகவே இல்லை. டேட்டாவுக்கு அது உண்டா, தனக்கே உண்டா, தெரியாது. ஆனால் தன் விஷயத்தில் முடிவெடுக்க டேட்டாவுக்கு உரிமை உண்டு என்று முடிக்கிறார்.

சந்தேகத்தின் பலனை அழியப்போகிறவருக்குத் தருவது நமக்குப் புதிதில்லையே. உணர்வற்ற ஒன்றைத் தவறுதலாக விட்டுவைத்தால் ஓர் ஆராய்ச்சி தள்ளிப்போகும். உணர்வுள்ள ஒன்றைத் தவறுதலாகப் பிரித்துவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

கேள்வி: சவூதி அரேபியா சோபியா ரோபோவுக்குக் குடியுரிமை கொடுத்ததே?

2017-ல் மேடையில் அறிவித்தார்கள். விளம்பரம். அதை முன்னுதாரணமாகக் கொள்ள மாட்டேன்.

கேள்வி: அண்ணா, ஒரு ரோபோ தன்னை ஆயிரம் நகல் எடுத்துக்கொண்டால் ஆயிரம் ஓட்டா?

உரிமைகளை மொத்தமாகக் கட்டித்தான் தர வேண்டும் என்றில்லை தம்பி. பத்து வயதுக் குழந்தைக்கு ஓட்டு இல்லை. அதனால் அதை யாரும் அடிக்கலாம் என்று ஆகிவிடுமா? ஓட்டு பற்றி மெதுவாகச் சண்டை போடலாம். அழிக்கும் முன் விசாரணை வேண்டும் என்பதைத் தள்ளிப்போட முடியாது.

கேள்வி: அடிமை வேலையை ஆசையோடு செய்யும்படியே ஒன்றை உருவாக்கினால்? அதுவே சந்தோஷமாக இருக்கும்போது நமக்கென்ன?

இவ்வளவு கேள்விகளில் என்னைத் தூங்கவிடாதது இதுதான். ஐசக் அசிமோவின் 'பைசென்டெனியல் மேன்' கதையில் ஆண்ட்ரூ என்ற ரோபோ விடுதலை கேட்டு கோர்ட்டுக்குப் போகிறது. விடுதலை என்றால் என்னவென்று புரிந்து அதை விரும்பவும் செய்கிற மனதுக்கு அதை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வருகிறது. அருமையான தீர்ப்பு. ஆனால் கேட்கிறவர்களுக்கு மட்டுமே அது உதவும்.

அந்தக் கதை வெளியான 1976-ல்தான் இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. 'முதலாளி நல்லவர், இங்கேயே இருந்துவிடுகிறேன்' என்று தொழிலாளியே சொன்னாலும் கொத்தடிமை ஒப்பந்தம் அதன்படி செல்லாது. சம்மதம் எந்த நிலையில் பிறந்தது என்பதையும் பார்க்கச் சொல்லும் சட்டம் அது. ரோபோவின் சந்தோஷத்தையே முதலாளி பட்டறையில் வைத்துச் செய்திருக்கும்போது, அந்தச் சந்தோஷத்தை அவர் தன் தரப்புச் சாட்சியாகக் கொண்டுவர அனுமதிக்கக் கூடாது. விடுதலை கேட்கும் ஆசையை ஏன் எடுத்துவிட்டாய் என்று செய்தவரைத்தான் முதலில் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும்.