பிறவி ஞானம் இல்லை என்றால்...

வணக்கம் ஐயா,

என் மகள் வாய்ப்பாட்டுப் படிக்கிறாள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை நல்ல புள்ளிகள். ஆனால் ரீச்சர், “பிழையில்லாமல் பாடுகிறாள், பிறவி ஞானம்தான் இல்லை, பெரிய பாடகியாக வரமாட்டாள்” என்கிறார். பயிற்சியால் வராததா அது? வகுப்பை நிற்பாட்டுவோமா என்று யோசிக்கிறோம்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நிற்பாட்டாதீர்கள்.

பிறவி ஞானம் என்றதும் எங்கள் ஊரில் தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத்தான் சொல்வார்கள். 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். அவருடைய தகப்பனார் விஸ்வலிங்கமும் தவில் வித்துவான். பேச்சு வரும் முன்பே அந்தப் பிள்ளையின் காதில் சொற்கட்டு, அதாவது தவிலில் வாசிக்கும் தாளச் சொற்கள், விழுந்திருக்கும். அப்புறம் சாதகம், அதாவது விடாத பயிற்சி. வலக்கை விரல்களில் மாட்டிய கூடு, இடக்கையில் தட்டும் கழி. எந்த வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெளிந்து விழ வேண்டுமென்றால் அது வருடக்கணக்கான வேலை. அவருக்குப் பிறவியில் ஒன்றுமே இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மேளகாரர் வீட்டில் பிறந்து சாதகம் செய்த எல்லாரும் தெட்சணாமூர்த்தி ஆகவில்லையே. ஆனால் அந்த ஏதோ ஒன்று ஒரு பிள்ளையிடம் இல்லை என்று நாலாம் தரத்திலேயே தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

நாதஸ்வரத்தைப் பாருங்கள். விரல் துளைகள் ஏழுதான். இடைப்பட்ட சுரங்களைத் துளையைக் கொஞ்சம் திறந்தும், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டையும் மூச்சையும் இறுக்கித் தளர்த்தியும்தான் பிடிக்கிறார்கள். எவ்வளவு திறப்பது, எவ்வளவு இறுக்குவது என்று விரலுக்கும் உதட்டுக்கும் தெரியாது. காதுதான் சொல்ல வேண்டும். இதில் எது பயிற்சி, எது ஞானம் என்று எப்படிப் பிரிப்பது? காது வளராமல் கை வளராது. அந்தக் காது பெரும்பாலும் கேட்டுக் கேட்டுத்தான் வளர்கிறது.

எனக்கு இருக்கிற கவலை வேறு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பலர் கொப்பியைப் பார்த்தே பாடுகிறார்கள். பாடத்திட்டத்தில் உள்ள கீர்த்தனை நன்றாக வரும். தோடி ராகத்தை விரித்துப் பாடும் ஓர் ஆலாபனையை முழுதாக உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மகள் பாடுகிற நேரத்தில் பாதியாவது கேட்கிறாளா? இல்லை என்றால் ரீச்சர் தேடுகிற ஞானம் எங்கிருந்து வரும்?

திருவிழாக் காலத்தில் இணுவிலுக்கோ மாவிட்டபுரத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். சுவாமி வெளிவீதி வரும்போது மேளகாரருக்குப் பக்கத்தில் நடக்க விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்ட ராகத்தைக் கொப்பி இல்லாமல் முணுமுணுக்கச் சொல்லுங்கள். ரீச்சரிடமும் ஒன்று கேளுங்கள்: கீர்த்தனை முடிந்ததும் அந்த ராகத்தில் நாலு சுரம் அவளாகப் பாட வகுப்பில் இடம் கொடுக்கட்டும். பிழை வரும், பரவாயில்லை. அதற்குப் புள்ளி குறைக்க வேண்டாம் என்று நான் கேட்டதாகவே சொல்லுங்கள்.