வாஷரை மாற்றும் முன் வால்வைத் தேடுங்கள்

குழாய், வால்வு, வடிகால் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு மதுரையில் 33 ஆண்டுகளாகப் பிளம்பிங் வேலை பார்ப்பவர் பதில் சொல்கிறார்.

சமையலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டுகிறது. வாஷர் மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் சொட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினால்தான் நிற்கிறது. குழாயையே மாற்ற வேண்டுமா ஐயா?
– வாசகி, திருமங்கலம்

முதலில் அப்படி இறுக்கித் திருகுவதை நிறுத்துங்கள் அம்மா. புது வாஷர் இரண்டு வாரத்தில் கெட்டதற்கு அதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம் குழாய்க்குள் இருக்கிறது. வாஷர் போய் உட்காருகிற பித்தளை விளிம்பை நாங்கள் சீட் என்போம். போர் தண்ணீரில் வரும் பொடி மணல் நாளடைவில் அதில் மெல்லிய கோடு போட்டுவிடும். அந்தக் கோடு வழியாகத்தான் தண்ணீர் கசிகிறது. எத்தனை வாஷர் போட்டாலும் அந்தக் கோடு அப்படியேதான் இருக்கும்.

நீங்களே திறந்து பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு இறங்கும் வால்வு எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து, தண்ணீர் முழுதாக நிற்கும் வரை காத்திருங்கள். நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் இப்படிக் காத்திருக்கவில்லை. பழைய கேட் வால்வு அது. கைப்பிடி சுற்றியது, உள்ளே இருந்த தகடு கழன்று பாதியிலேயே நின்றுவிட்டது. நான் குழாயின் தலையைக் கழற்றியதும் தண்ணீர் பீறிட்டு, பக்கத்திலிருந்த அரிசி மூட்டை முழுக்க நனைந்துபோனது. அந்த வீட்டு அம்மா ஒரு சொல் திட்டவில்லை. மொட்டைமாடியில் பாய் விரித்து அரிசியைக் காயப்போட்டார். அன்றிலிருந்து ஒரு வால்வு மூடியிருக்கிறது என்று நான் கையை வைத்து முடிவு செய்வதில்லை, குழாயைத் திறந்துதான் முடிவு செய்கிறேன். மூடிய பிறகும் நூல் போல ஒழுகிக்கொண்டே இருந்தால் வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். தொட்டி காலியாக இருக்கும் நாளில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அது கேட் வால்வாக இருந்தால் அப்படியே எடுத்துவிட்டு, உள்ளே உருண்டை வைத்த பால் வால்வு போடச் சொல்லுங்கள்.

சரி, தண்ணீர் நின்றுவிட்டது. பாத்திரத் தொட்டியின் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள், திருகாணி விழுந்தால் போய்விடும். கைப்பிடியைக் கழற்றினால் கீழே அறுகோணத் தலை தெரியும். அதை ஸ்க்ரூ ஸ்பானரால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது இன்னொரு ஸ்பானரால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உடம்பைப் பிடிக்காமல் திருகினால் அந்த வேகம் முழுவதும் சுவருக்குள் பைப் வளைகிற இணைப்புக்கு, அதாவது எல்போவுக்குப் போகும். எல்போ விரிசல் விட்டால் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

தலை வெளியே வந்ததும் சுண்டுவிரலை உள்ளே விட்டு சீட்டைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வாஷர் மாற்றினால் போதும். பழைய வாஷரைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள், கண்ணளவு போதாது. நகம் தட்டுகிற மாதிரி கோடு இருந்தால் குழாயையே மாற்றுங்கள்.

மாற்றுவதானால் அரைத்திருப்பில் மூடுகிற வகையை வாங்குங்கள். உள்ளே வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் தட்டுகள் இருக்கும், பலம் தேவையில்லை. அதற்கும் மணல் எதிரிதான். அதனால் புதுக் குழாயை மாட்டும் முன் வால்வை ஒரு முறை திறந்து, பைப்பில் தங்கிய மண்ணை வாளியில் பிடித்து வெளியேற்றிவிடுங்கள்.

அதுவரை ஒரு டம்ளரைக் கீழே வையுங்கள். 200 மில்லி டம்ளர் 15 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 19 லிட்டர் போகிறது. ஒரு பெரிய வாளித் தண்ணீர்.

புதுக் குழாயை நானே மாட்டினேன். டேப் நிறையச் சுற்றியும் சுவரோரம் கசிகிறது. வாயும் கோணலாக நிற்கிறது.
– வாசகர், தேனி

இரண்டும் ஒரே தவறு தம்பி. குழாய் இறுகியபோது வாய் பக்கவாட்டில் நின்றிருக்கும், நேராக்க நீங்கள் கொஞ்சம் பின்னால் திருப்பியிருப்பீர்கள். டெஃப்ளான் டேப் ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான், பின்னால் திருப்பினால் இடைவெளி விட்டுவிடும். கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். மரையின் நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் பக்கமாக இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே பிரிந்துவிடும். நம் ஊர்க் கடை டேப் மெல்லியது, 10 முதல் 12 சுற்று தேவைப்படும். முன்னோக்கித் திருகும்போதே வாய் கீழே பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் மறுபடி கழற்றி, இரண்டு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் தொழில் பழகிய காலத்தில் ஜிஐ என்கிற இரும்புப் பைப்புக்குச் சணலும் வெள்ளைப் பூச்சும் வைத்து முறுக்குவோம், எவ்வளவு பலம் கொடுத்தாலும் தாங்கும். இப்போதைய பிளாஸ்டிக் எல்போ அப்படித் தாங்காது. உள்ளே பித்தளை மரை வைத்த எல்போதானா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது. ஆசிட் ஊற்றலாம் என்கிறார்கள். ஏற்கெனவே அடைப்பு எடுக்கும் பவுடர் போட்டிருக்கிறேன்.
– வாசகி, சிவகாசி

தயவுசெய்து ஊற்றாதீர்கள். அந்தப் பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அதன்மேல் ஆசிட் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, ஜன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பவுடர் போட்ட தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு நாள் கழித்துக் கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தொட்டிக்குக் கீழே சுருள் சுருளாக ஒரு பைப் தரைக்குப் போகும். அப்பளம் பொரித்த எண்ணெயும் கஞ்சியும் அந்த மடிப்புகளில்தான் படியும். வாளியை அடியில் வைத்து, நட்டைக் கையாலேயே கழற்றி, பைப்பை வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள். வெந்நீர் போதும். கொதிநீர் வேண்டாம், பிவிசி இளகும். பிறகு தரைப் பைப்பில் நேராக ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே போய்விட்டால் கோளாறு சுருள் பைப்பில்தான் இருந்தது. எதிர்த்து வந்தால் வெளியே கழிவுநீர் வந்து சேரும் குழியின், அதாவது சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில், ஸ்பிரிங் கம்பி விட்டு எடுக்கலாம். சேம்பர் நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கும் அப்பால். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள், நீங்கள் இறங்க வேண்டாம்.

விருந்தினர் அறைக் குளியலறையில் சாக்கடை நாற்றம். கரப்பான் வேறு.
– வாசகர், திண்டுக்கல்

புழங்காத குளியலறைதானே? தரை வடிகாலில் இருக்கும் நானி டிராப் என்கிற அடைப்பானில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்துக்குத் தடுப்பு, அது வற்றிவிட்டது. வாரம் ஒரு முறை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் மேலே இருக்கும் ஓட்டை மூடியைத் (ஜாலி) தூக்கி, உள்ளே கவிழ்ந்த கிண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் சீக்கிரம் போகவில்லை என்று பலர் அதை எடுத்து எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை.

கீசருக்கு அடியில் உள்ள சிறு வால்விலிருந்து சொட்டுகிறது. எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

கூடவே கூடாது. தண்ணீர் சூடானால் விரியும். அந்த அழுத்தம் வெளியேறத்தான் அந்த வால்வு. அதை அடைத்தால் கீசரே வெடிக்கலாம். சூடேறும்போது மட்டும் சில சொட்டு விழுந்தால் அது தன் வேலையைச் செய்கிறது, ஒரு சிறு டியூப் மாட்டி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள். கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் சொட்டினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வால்வை மாற்றச் சொல்லுங்கள். அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

தொட்டி சீக்கிரம் காலியாகிறது. வெளியே எங்கும் கசிவு தெரியவில்லை. சுவரை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.
– வாசகி, விருதுநகர்

இன்று இரவு எல்லோரும் படுத்தபின் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். நாளை இரவு கழிப்பறை ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் சிறு வால்வை (ஆங்கிள் காக்) மூடிவிட்டு அதே போல் அளவெடுங்கள். முதல் நாள் இறங்கி இரண்டாம் நாள் இறங்கவில்லை என்றால் ஓட்டை சுவரில் இல்லை, ஃப்ளஷ் டேங்கின் அடி ரப்பரில். இரண்டு நாளும் இறங்கினால் தொட்டியடியில் உள்ள வால்வுகளை ஓர் இரவுக்கு ஒன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடியபோது மட்டம் நிற்கிறதோ, அந்த லைனை மட்டும் கொத்தனாரிடம் காட்டுங்கள்.