தொழிலாளியாக இருந்துகொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களின் பாட்டில் உண்மை எங்கிருந்து வருகிறது?

கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் பத்தொன்பது வருடமாகக் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறேன். பாட்டும் கட்டுகிறேன். மாரியம்மன் நோம்பியிலும் சில கல்யாண வீடுகளிலும் பாடியிருக்கிறேன். அன்றாடம் கையால் தொட்டுப் புழங்கும் பொருள்களின் பெயர் பாட்டுக்குள் வந்துவிட்டால், அதற்குப் பிறகு பொய் சொல்வது கடினம். நான் கண்டது இதுதான்.

முதலில் கட்டிய பாட்டுகளில் நிலாவும் தென்றலும்தான் இருந்தன. எங்கள் ஷெட்டுக்குள் காற்று புகுந்தால் பஞ்சுத் தூசி கிளம்பி மூச்சு முட்டும். அது தெரிந்தும் தென்றலைக் கூப்பிட்டுப் பாடினேன். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்; யாரும் இன்னொரு முறை பாடச் சொல்லவில்லை.

வழி காட்டியது என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். அம்மாவின் ஊர் காங்கேயம் பக்கம். கிளுவை வேலி போட்ட சிறு கொரங்காடும் (மேய்ச்சல் காடு) ஒரு கிணறும்தான் சொத்து. அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இறந்தபோது அமுச்சி வைத்த ஒப்பாரி இன்னும் காதில் இருக்கிறது. எருது பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கையில் அப்புச்சி உட்காரும் வடக்கயிறு, மழை பொய்த்து வற்றிய கிணறு, கண்ணபுரம் சந்தையில் விற்ற இரண்டு எருதுகளின் பெயர், விற்று வந்த இரவு அவர் சோறு உண்ணாமல் படுத்தது என்று ஒவ்வொன்றாக வந்தன. துக்கம் என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. வாசலில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள்.

உடுக்கை அடித்து இரவெல்லாம் பாடும் அண்ணமார் கதையையும் அங்கேதான் கேட்டேன். அண்ணன் தம்பிகளான பொன்னரும் சங்கரும் மாண்டு விழுந்த படுகளத்துக்குத் தங்கை தங்காள் தேடி வருகிற இடத்தில் அந்தப் பாடகர் குரலை உயர்த்தவே மாட்டார். உடுக்கை மட்டும் ஒற்றைத் தட்டாக நடக்கும். அப்போது எனக்கு அதன் அருமை தெரியவில்லை.

குரலுக்கும் ஊர் உண்டு. தறி ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதையே உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அதற்கு மேலே எழும்பிப் பாடிப் பழகிய தொண்டை என்னுடையது. ஒரு முறை ஒலிப்பதிவுக்குப் போனபோது, மைக் இருக்கிறது, மெதுவாகப் பாடுங்கள் என்றார்கள். அப்படிப் பாடிக் கேட்டால் வேறு யாரோ பாடுவதுபோல் இருந்தது. பழையபடி உரக்கவே பாடிக் கொடுத்தேன். தாளமும் தறியினுடையதுதான்: ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா பாய ஒரு தட்டு, அந்த நூலை நெருக்கி அச்சுப் பலகை அடிக்க ஒரு தட்டு.

2012-இல் எங்கள் பக்கம் நாளில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. கூலி மீட்டர் கணக்கு. தறி நின்றால் காசு இல்லை. இருட்டு ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் இது வந்தது:

நாடா நின்றால் தறி நிற்கும்
தறி நின்றால் அடுப்பு நிற்கும்
வட்டி மட்டும் நிற்காமல்
வாசல் வந்து நிற்கும்

எனக்கே பெருமையாக இருந்தது. நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றும் அக்கா ஒருவர் கேட்டுவிட்டு, “வட்டிக்காரர் எங்கே கண்ணு வாசலில் நிற்கிறார்? நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்காருகிறார்” என்றார். ‘நிற்கும்’ என்று முடிகிற அழகை விட மனமில்லாமல் இரண்டு நாள் தவித்தேன். அவர் வீட்டில் நடந்ததை அவர் சொல்கிறார். நான் என்ன சொல்ல முடியும்? ‘கட்டில் மேலே உட்காரும்’ என்று மாற்றினேன்.

2022-இல் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அப்போது ஒரு பந்தலில் இதைப் பாடினேன். மூன்று அடி வரை தாளம் போட்டுக்கொண்டிருந்த கைகள் நான்காவது அடியில் நின்றுவிட்டன. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “அதை மறுபடி பாடு சாமி” என்றார்.